அப்பாவின் ரத்தம் வெளிநாடு போகலாமா?

கடிதம் எழுதியவர் தென் மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியை. வயது 33. கணவர், ஆறு வயது மகள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் வேறு சில விவரங்களையும் நானே எடுத்துவிட்டேன்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வயது 58. 49 வயதில் முதல் பக்கவாதம், 54-இல் இரண்டாவது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தமும் கொஞ்சம்தான். இப்போது பேச்சு மெதுவாகிவிட்டது. டி.வி.யை அணைத்தால்கூட அதே இடத்தில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "வீம்பு பிடிச்சு உட்கார்ந்திருக்காரு" என்கிறார் அம்மா. அப்பாவின் அக்கா 56 வயதில் ஞாபகமெல்லாம் போய் இறந்தார். தாத்தாவும் வாதம் வந்து போனவர்தான். சென்ற ஆண்டு ஒரு நரம்பியல் மருத்துவர் அப்பாவின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு: மூளையின் சிறு ரத்தக் குழாய்களைப் பாதிக்கும் கடாசில் என்ற பரம்பரை நோய், நாட்ச்-3 மரபணுவில் மாற்றம்.

இப்போது அதே மருத்துவமனை ஐரோப்பா, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஆய்வுக்கு அழைத்திருக்கிறது. அப்பா, இவர், தம்பி மூவரும் ரத்தம் கொடுக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ. வெளிநாடு போகும். ஒப்புதல் படிவம் 14 பக்கம். வீட்டில் நான்கு கட்சி. "நம்ம ரத்தத்தை வச்சு மருந்து பண்ணி நமக்கே விப்பான்" என்கிறார் அம்மா. "கையெழுத்துப் போட்டா என் கல்யாணம் நிக்கும்" என்பது 27 வயது தம்பியின் பயம். பெண் பார்த்துப் பேசி முடிக்கும் நேரம். சேர்ந்தால் மருந்து முதலில் நமக்குத்தான் வரும் என்று கணவர் நம்புகிறார். அப்பாவை யாரும் கேட்கவில்லை. இவருக்கோ, இரண்டு வருடமாக வரும் தலைவலி இதுதானோ என்ற சந்தேகம். மகளையும் சோதித்துவிடலாமா என்றும் கேட்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு குடும்ப மரம் வரைந்திருக்கிறார். தாத்தா, அத்தை, அப்பா மூவருக்கும் கறுப்பு அடைத்த கட்டம். இவருக்கும் தம்பிக்கும் கேள்விக்குறி. பக்கத்தில் சின்ன எழுத்தில்: "இரண்டு பேரில் ஒருவருக்கு என்றால் அது எனக்கே இருக்கட்டும்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது தவறான கணக்கு. அப்பாவுக்குக் கடாசில் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஐம்பது சதவீதம். அது இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு என்று பங்கு பிரிப்பதல்ல. ஒவ்வொரு பிறப்புக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுவது போல. உங்களுக்கு வந்திருந்தால் தம்பி தப்பினான் என்றில்லை. உங்களுக்கு இல்லையென்றால் அவன் மாட்டினான் என்றும் இல்லை. இருவருக்கும் இருக்கலாம், இருவருக்கும் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் முடிவைத் தெரிந்துகொள்வதால் தம்பியைப் பற்றி யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அவனுக்காக நீங்கள் எதையும் தாங்கிக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். உங்கள் அம்மா அப்பாவுக்கு மாமன் மகள், சொந்தத்தில் கட்டியதால்தான் இது வந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. கடாசில் வருவதற்கு நாட்ச்-3 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒரே ஒன்றில் கோளாறு இருந்தால் போதும். அது அப்பாவிடமிருந்து வந்தாலும் சரி, அம்மாவிடமிருந்து வந்தாலும் சரி. ஆண் பெண் வித்தியாசமும் கிடையாது. சொந்தத்தில் கட்டுவதோடு தொடர்புள்ள இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று உண்டு, கராசில் என்று பெயர். ஹெச்.டி.ஆர்.ஏ-1 என்ற வேறு மரபணு. இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும். ஜப்பானியக் குடும்பங்களில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். உங்கள் வீட்டு நோய் அதுவல்ல. அம்மாவின் தலையில் இந்தப் பழியைப் போட வேண்டாம்.

இந்த நோய்க்கு ஏன் இத்தனை நாடுகள்?

மூளைக்குள் போகும் மிகச் சிறிய ரத்தக் குழாய்களின் சுவரில் மென்தசை செல்கள் இருக்கின்றன. நாட்ச்-3 புரதம் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் வெளிப்பகுதியில் 34 கண்ணிகள். ஒவ்வொன்றிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு, அவை இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து கண்ணியை மடித்துப் பிடித்திருக்கும். கடாசிலில் ஒரு சிஸ்டீன் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். ஒன்று ஜோடியில்லாமல் தொங்கும். அந்தப் புரதம் குழாய்ச் சுவரில் வருடக்கணக்கில் சேர்ந்து, குழாய் விறைத்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உங்கள் அப்பாவின் படத்தில் மருத்துவர் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளைக் காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த ரத்தக் குறைவின் தடயம்தான் அது. காதுக்கு முன்னால், பொட்டுப் பகுதிக்கு உள்ளே இருக்கும் மூளையின் நுனியிலும் வெள்ளை தெரிந்தால் மருத்துவர்களான எங்களுக்குக் கடாசில் ஞாபகம் வரும். உயர் ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த நுனி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

இந்தக் கதை பிரான்சில் 1970-களில் தொடங்கியது. ரத்த அழுத்தம் இல்லாமலே பக்கவாதம் வந்த ஒருவரைப் பாரிஸில் மரி-ஜெர்மேன் பூஸே என்ற நரம்பியல் மருத்துவர் பார்த்தார். அவருடைய குடும்பத்தையே பின்தொடர்ந்தார்கள். 1993-இல் எலிசபெத் தூர்னியே-லாசெர்வின் குழு கோளாறு 19-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டது. 1996-இல் அன் ஜூத்தெல் முதலானோர் நாட்ச்-3 தான் அது என்று உறுதிசெய்தார்கள். இவர்கள் மூவருக்கும் யூக் ஷாப்ரியாவுக்கும் 2019-இல் மூளை ஆய்வுக்கான சர்வதேச விருதான பிரெயின் பிரைஸ் கிடைத்தது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கண்டுபிடிப்பின் அடியில் இருப்பது, வருடக்கணக்கில் ஊசிக்குக் கை நீட்டிய சில குடும்பங்கள். உங்கள் பென்சில் மரம் மாதிரி ஒன்றுதான் அங்கும் முதல் ஆவணம்.

அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அப்புறம் மற்ற இடங்களில் பார்த்தபோது நோய் வேறு முகம் காட்டியது. தைவானிலும் தென் கொரியாவின் ஜேஜு தீவிலும் அதிகம் காணப்படும் ஒரு மாற்றத்தில் பக்கவாதம் பொதுவாக வயதான பிறகே வருகிறது. நான் சொன்ன அந்த நுனியில் வெள்ளையும் குறைவு. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் ஒரு குடும்பத்தில் முப்பதுகளிலேயே பக்கவாதம். மாற்றம் முதல் ஆறு கண்ணிகளில் இருந்தால் நோய் சீக்கிரமாக, கடுமையாக வருகிறது, 7 முதல் 34 வரை இருந்தால் தாமதமாக, லேசாக வருகிறது என்பது நெதர்லாந்தின் லெய்டன் குழு பல நாட்டு நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான் தெளிவானது. ஒரே நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆள் போதாது.

நம் பக்கத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மருத்துவமனைக் கணக்கில் கடாசில் லட்சம் பேரில் 2 முதல் 5 பேருக்கு என்பார்கள். ஆனால் பொதுமக்களின் மரபணுத் தொகுப்புகளைத் திறந்து பார்த்தபோது இந்த வகை மாற்றம் பிரிட்டனில் சுமார் 450 பேரில் ஒருவருக்கு இருந்தது. தெற்காசியர்களிடம் அதைவிட அதிகம், ஏறக்குறைய நூற்றில் ஒருவர். அவர்களில் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முதுமை வரை போகிறார்கள். ஏன் சிலருக்கு 49-இல் விழுகிறது, சிலருக்கு விழுவதே இல்லை? இதற்கு விடை நம்மூர் ரத்தத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் உலக ஆய்வுப் பட்டியல்களில் நம்மவர்கள் கொஞ்சம்தான். உங்களை அழைத்ததன் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

மூன்று விஷயங்கள், ஒரே முடிச்சு

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களை அலைக்கழிப்பது ஆய்வு அல்ல என்று தோன்றுகிறது. மூன்று தனித்தனி முடிவுகளை ஒன்றாகப் போட்டு முடிந்துவைத்திருக்கிறீர்கள்: ஆய்வுக்கு ரத்தம் கொடுப்பது ஒன்று, எனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது இன்னொன்று, யாரிடம் சொல்வது என்பது மூன்றாவது. ஒன்றுக்குச் சம்மதித்தால் மற்ற இரண்டுக்கும் சம்மதித்ததாக ஆகாது.

ஆய்வுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, "என் முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று எழுதிக்கொடுக்கலாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். மாறாக, ஆய்வே வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும் என்றால் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சோதித்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் வந்த முடிவை வைத்துக்கொண்டு வாழ்க்கை முடிவுகளை எடுக்காதீர்கள். தெரிந்துகொள்வதாக இருந்தால் நோயறிதலுக்கென்று இருக்கும் பரிசோதனைக்கூடத்தில் புதிய ரத்தம் கொடுத்து உறுதிசெய்ய வேண்டும். ட்யூப் மாறிப்போவது எங்கேயும் நடக்கும்.

தெரிந்துகொள்வதில் அவசரம் வேண்டாம். தடுக்கும் மருந்து இல்லாத நோயில், தெரியாமல் இருப்பதும் ஒரு உரிமை. நான் பார்த்தவர்களில் சிலர் தெரிந்த பிறகு நிம்மதியானார்கள். ஒருவர், முடிவு "இல்லை" என்று வந்த பிறகும், நோய் உள்ள அண்ணனின் முகத்தில் விழிக்க முடியாமல் ஆறு மாதம் ஊருக்கே போகவில்லை. நல்ல செய்திக்கும் ஒரு பாரம் உண்டு.

மகளைப் பற்றி: வேண்டாம். பெரியவர்களுக்கு வரும், இப்போது எதுவும் செய்ய முடியாத நோய்க்குக் குழந்தைகளைச் சோதிப்பதில்லை. உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. அவளுக்கு 18 வயதான பிறகு அவளே முடிவெடுக்கட்டும். ஆய்வுக்காரர்கள் அவளைக் கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேளுங்கள்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள்

"நம்ம ரத்தத்தை வச்சு நமக்கே விப்பான்" என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொல்வதில் பாதி நியாயம். 2010-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா பகுதிகளில் சிறுமிகளிடம் நடந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நிறுத்தப்பட்டது. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பல படிவங்களில் ஹாஸ்டல் வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் போட்டிருந்தார்கள். நானே இளம் மருத்துவராக இருந்தபோது ஒரு ஆய்வுக்கு வார்டு வார்டாகப் போய் ரத்தம் சேகரித்திருக்கிறேன். ஆய்வு முடிந்து கட்டுரை வெளிவந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

விதிகள் இப்போது இறுகியிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாட்டோடு சேர்ந்த ஆய்வு என்பதால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டியும் பார்த்து அனுமதிக்க வேண்டும். மாதிரி வெளியே போனால் இரு நிறுவனங்களுக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: என்ன போகிறது, எதற்கு, மிச்சம் என்ன ஆகும், யாருக்குத் தரக்கூடாது என்று. வணிக லாபம் வந்தால் பங்கேற்றவர்களுக்கோ சமூகத்துக்கோ அதில் என்ன திரும்பும் என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. "பேச வேண்டும்" என்பதற்கும் "காசு கிடைக்கும்" என்பதற்கும் தூரம் அதிகம். உங்கள் டி.என்.ஏ.யிலிருந்து நாளைக்கு ஒரு மருந்து வந்தால் உங்கள் குடும்பத்துக்கு ராயல்டி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவிடமும் அதை அப்படியே சொல்லுங்கள்.

படிவத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியவை

14 பக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "இப்பவே போடுங்க" என்று அவசரப்படுத்தினால் அதுவே ஒரு பதில்தான். இவற்றை மட்டும் தேடுங்கள்.

இந்த ஆய்வுக்கு மட்டுமா, எதிர்காலத்தில் வரும் எல்லா ஆய்வுக்குமா? "இது தொடர்பான வருங்கால ஆய்வுகளுக்கும்" என்று ஒரு வரி நடுப்பக்கத்தில் எங்காவது இருக்கும். சம்மதிப்பதில் தப்பில்லை, தெரியாமல் சம்மதிப்பதுதான் தப்பு. மூளை ரத்தக்குழாய் நோய்களுக்கு மட்டும் என்று எல்லை கட்டலாமா என்று கேளுங்கள்.

விலகினால் என்ன ஆகும்? கையெழுத்துப் போட்டால் திரும்ப முடியாது என்று தம்பி நினைக்கிறான். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக அப்பாவின் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் மாதிரியை அழிக்கச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே கணக்கில் சேர்ந்து வெளியான தகவலைத் திரும்பப் பிடுங்க முடியாது. இதை நேர்மையாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெயருக்குப் பதில் என்ன? பொதுவாக ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணுக்கும் பெயருக்குமான சாவி இங்கேயே இருக்கும், வெளிநாட்டுக்குப் போகாது. அப்படித்தானா என்று உறுதிசெய்யுங்கள். அபூர்வ நோயில் இன்னொரு ஓட்டை உண்டு, அதைப் படிவங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கட்டுரையில் குடும்ப மரத்தை அச்சிடுவார்கள். மூன்று தலைமுறை, இன்ன வயதில் இன்னது, தென் தமிழ்நாடு என்று போட்டால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். வெளியிடும் முன் எங்களைக் கேட்க வேண்டும், ஆண் பெண் அடையாளத்தையும் வயதையும் மறைக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நியாயமான ஆய்வாளர் மறுக்க மாட்டார்.

செலவு யாருடையது? ஆய்வுக்காக எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. போக்குவரத்துச் செலவும் சம்பள இழப்பும் கேட்கலாம். உங்கள் ஊரிலிருந்து நகரத்துக்கு அப்பாவை ஏற்றி இறக்குவது விளையாட்டில்லை.

கடைசியாக, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும். ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா என்பதே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

கணவரின் நம்பிக்கையும் கொஞ்சம் தளர வேண்டும்

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது மருந்துச் சோதனை அல்ல. ரத்தம் எடுத்து, படம் எடுத்து, வருடா வருடம் கேள்வி கேட்டுக் கவனிக்கும் ஆய்வு. இதிலிருந்து அப்பாவுக்கு மருந்து வராது. நாட்ச்-3 புரதம் சேர்வதை நிறுத்தும் மருந்து இன்றைக்கு எங்கேயும் விற்பனையில் இல்லை. ஞாபக மறதிக்குக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரையைக் கடாசிலில் சோதித்தார்கள். பல நாடுகள் சேர்ந்து 168 பேரைத் திரட்டி, 18 வாரம் கொடுத்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கிய அளவுகோலில் வித்தியாசம் இல்லை. 168 பேரைச் சேர்க்கவே அத்தனை பாடு. இம்மாதிரிப் பட்டியல்களில் பெயர் இருந்தால், நாளைக்கு ஒரு மருந்துச் சோதனை வரும்போது உங்களைத் தேடி வருவார்கள். அந்த அளவுக்குக் கணவர் சொல்வது சரி. அப்படி வந்தால் அது வேறு படிவம், வேறு விதி. 2019-இன் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். அப்போது மறுபடி யோசிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மரபணு அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-இலிருந்து இருப்பது போன்ற தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. மரபணு நோய்களை மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் விதித்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், சோதனைக்கு முன்பே அதைப் பற்றி யோசியுங்கள். காப்பீட்டுப் படிவத்தில் கேட்டதற்கு மட்டும் உண்மையான பதில். குடும்பத்தில் பக்கவாதம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் பிறகு கிளெய்ம் நிற்காது.

தம்பி

ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை. அவன் இல்லாமல் நீங்களும் அப்பாவும் சேரலாம். வற்புறுத்தாதீர்கள், "குடும்பத்துக்காக" என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

ஆனால் கல்யாண விஷயத்தில் நான் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. அவனுக்கு நோய் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. தெரியாததை அவன் மறைக்கவில்லை. அப்பாவுக்கு இருப்பது தெரியும். அதை அந்தப் பெண்ணிடம் தம்பி நேரில், தனியாக, நிச்சயத்துக்கு முன் சொல்வது நல்லது என்பது என் கருத்து. சபையில் அல்ல, தரகர் மூலமாகவும் அல்ல. பிறகு குழந்தை என்று வரும்போது, விரும்பினால் கருவிலேயே சோதிக்கும் வழிகள் சட்டப்படி உண்டு என்பதும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். இதைச் சொன்னால் கல்யாணம் நிற்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வருடம் கழித்து அவள் வேறு யார் வாயாலோ கேட்டால் எப்படி இருக்கும் என்று தம்பியை ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தலைவலி

கண்ணுக்கு முன்னால் கோணல்மாணலாக மின்னும் கோடு, இருபது நிமிடம் கழித்து ஒரு பக்கத் தலைவலி, சில சமயம் விரல் நுனி மரத்துப்போவது என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஆரா என்ற முன்னறிகுறியுடன் வரும் மைக்ரேன் மாதிரி இருக்கிறது. கடாசில் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது, பலருக்கு முப்பதுகளில். ஆனால் கடாசிலே இல்லாமல் இந்த மைக்ரேன் உள்ளவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். இதை வைத்து உங்களுக்கு நோய் என்று முடிவுகட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் உடனே பெண்கள் நல மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். ஆராவோடு மைக்ரேன் உள்ள எல்லாருக்குமே அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். ட்ரிப்டான் வகைத் தலைவலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருப்பது போலவே ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வதில் நஷ்டமில்லை. இந்த நோயில் பக்கவாதத்தை முன்கூட்டியே இழுத்துவருபவை என்று தெரிந்தவை புகைப்பதும் ரத்த அழுத்தமும். தம்பி சிகரெட் பிடிப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆய்வில் சேராமல் போகட்டும். அதை மட்டும் விடச் சொல்லுங்கள்.

அப்பாவின் பர்ஸில் "கடாசில்" என்று எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். திடீரென்று அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகளையும், குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராமையும் யோசித்துச் செய்ய அது உதவும்.

அப்பாவை யார் கேட்பது?

இந்த ஆய்வு முதலில் அவருடைய ரத்தத்தைப் பற்றியது. 14 பக்கம் அவருக்குப் புரியாமல் போகலாம். அப்படியென்றால் சட்டப்படி அவர் சார்பில் அம்மாவோ நீங்களோ கையெழுத்துப் போடலாம். ஆனால் அவருக்குப் புரிந்த அளவுக்கு அவருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டி.வி. அணைந்தும் உட்கார்ந்திருப்பது வீம்பு இல்லை. எதையும் தொடங்கத் தோன்றாமல் போவது இந்த நோயில் அடிக்கடி வருவது. மூளையின் முன்பகுதிக்குப் போகும் இணைப்புகள் அறுந்துபோவதால் வருகிறது. கோபம் அவருக்குள் இல்லாமலே இருக்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும்.

அவரைக் கேட்கும்போது காலையில், காபி குடித்த பிறகு கேளுங்கள். டி.வி. ஓடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி: "அப்பா, உங்க ரத்தத்தை வெளிநாட்டு டாக்டருங்க பார்க்கணுமாம். குடுக்கலாமா?" பதில் வர ஒரு நிமிடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். நடுவில் நீங்கள் பேசாதீர்கள்.